நிழல் விழுந்த குரல்

எனக்கு இப்போது குரல் கிடையாது. கழுத்தின் அடியில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதன் வழியாக மூச்சு விடுகிறேன், மேலே ஒரு மெல்லிய துணி கட்டியிருக்கிறேன். அவசரத்துக்குக் கைப்பேசியில் தட்டிக் காட்டுகிறேன். இதில் ஒரே ஒரு வசதி உண்டு. எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது. மோக்போ துறைமுகத்து ஆட்களுக்கு நடுவில் ஆயுசு முழுக்க வாழ்ந்தவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

என் பெயர் சொங்னே. பன்சோரிப் பாடகி ஆகியிருக்க வேண்டியவள், ஆகவில்லை. பன்சோரி என்றால் எங்கள் கொரியாவின் பழைய பாட்டு, ஒரு தொண்டை, ஒரு மேளம், ஒரு பாய், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு முழுக் கதையையும் பாடிச் சொல்லி முடிக்க வேண்டும். சின்ன வயதில் என் ஆசிரியை எங்களை மலைக்குக் கூட்டிப் போய் அருவிக்கு எதிரே நிறுத்திக் கத்தவிட்டார். அருவி போடுகிற இரைச்சலைத் தாண்டி அவரவர் குரல் அவரவர் காதில் விழ வேண்டும். கூட இருந்த பெண்களுக்கெல்லாம் தொண்டை கிழிந்து ரத்தம் வந்தது. ரத்தம் வந்தவளை ஆசிரியை கட்டிப்பிடித்துக்கொள்வார், அன்றைக்கு அவளுக்கென்று தனியாகக் கோழி வேகும். எனக்கு மட்டும் வரவே இல்லை. எவ்வளவு கத்தினாலும் மறுநாள் காலையில் என் தொண்டை கழுவிக் கவிழ்த்த கண்ணாடி டம்ளர் மாதிரி இருக்கும். கடைசியில் ஆசிரியை பொறுமை இழந்து சொல்லிவிட்டார்.

"உன் குரல்ல நிழல் இல்லடி. வெறும் வெயிலு. ரேடியோவுல மழை வருமா வராதான்னு சொல்றதுக்கு வேணா லாயக்கு."

நிழல். எங்கள் ஆட்கள் குரலை அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எடை போடுவார்கள். கரகரப்பு இருந்தால் மட்டும் ஆகாது. அந்தக் கரகரப்புக்குள் பட்ட பாடு தெரிய வேண்டும், ஆறின புண் தெரிய வேண்டும். அது இல்லாவிட்டால் சுருதி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். அந்த "அழகா இருக்கு" கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அதனால்தான் நிழலைப் பற்றிக் கவலைப்படாத ஆட்களிடம் போனேன். தோங்கு என்று ஒருவன் மின்கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான், என்னைவிட இளையவன், வாய் ஓயாதவன். ஆசிரியையிடம் எங்களுக்கு மேளம் வாசித்த மன்சு அண்ணனும் என்னோடு வந்துவிட்டார். ஊர் அதற்கு வேறு அர்த்தம் கற்பித்தது. அப்படி ஒன்றும் இல்லை. ஆசிரியை என்னை எழுந்து போகச் சொன்ன தோரணை அவருக்குப் பிடிக்கவில்லை, அதுதான் காரணம்.

குழுவுக்குச் 'சேற்றுப்பலகை' என்று பெயர் வைத்தோம். கடல் வற்றும் நேரத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றி, மறுகாலால் சேற்றை உதைத்து உதைத்துச் சிப்பி பொறுக்கப் போவார்களே, அந்தப் பலகை. தண்ணீரிலும் போகாது, தரையிலும் போகாது. எங்கள் பாட்டும் அப்படித்தான் இருந்தது. கிட்டார் கேட்கிறவர்கள் அதை ஒப்பாரி என்றார்கள், பன்சோரி கேட்கிறவர்கள் கூத்து என்றார்கள். ஒரே ஒரு ஆல்பம் போட்டோம். எங்கள் சொந்தக்காரர்கள் வாங்கினார்கள். பிறகு பலகை சேற்றிலேயே நின்றுவிட்டது. தோங்கு ஹுக்சான் தீவுக்குப் போகிற படகில் டிக்கெட் கிழிக்கப் போனான். மன்சு அண்ணன் போட்டிகளில் பாடுகிற பிள்ளைகளுக்கு மேளம் வாசித்தார். நான் நலவாழ்வு மன்றத்தில் வயதான பெண்களுக்கு மைக்கில் கத்திக் கத்தி உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தேன்.

போன வருஷம் குளிர் முடிகிற நேரத்தில் சியோலிலிருந்து தோயுல் வந்து சேர்ந்தான். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. ஒரு காதில் மட்டும் வளையம். சொந்தமாக நிறுவனம் வைத்து ஆல்பம் வெளியிடுகிறவன். மன்றத்தின் வாசலில் நின்றுகொண்டு தலை குனிந்து வணங்கினான்.

"டீச்சர், நான் உங்க பாட்டைக் கேட்டே வளர்ந்தவன்."

"பொய் சொல்லாத. அந்தப் பாட்டைக் கேட்டு எங்க வீட்டுப் பூனைகூட வளரல."

அவன் சிரிக்காமல், பழைய பாட்டு ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை முனகிக் காட்டினான், கிட்டார் இடைவெளிகள் உட்பட. எனக்கே மறந்துபோயிருந்த பாட்டு அது. புதுப் பாட்டுகளாகப் போட்டு இன்னொரு ஆல்பம் செய்ய வேண்டும், அதே மூன்று பேர், அதுவும் மோக்போவிலேயே என்றான். துறைமுகத்தில் மூடிக்கிடந்த பழைய ஐஸ் ஃபேக்டரியைக்கூடப் பார்த்து வைத்துவிட்டிருந்தான். சுவர் அத்தனை தடிமன், குரல் அருமையாகச் சுற்றி வருமாம்.

மன்சு அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "வயசான காலத்துல மறுபடியும் ஒரு தடவை அசிங்கப்படணும்னு சொல்ற. சரி, வா, படுவோம்" என்றார்.

இந்த இடத்தில் மேளக்காரரின் வேலையைச் சொல்லிவிட வேண்டும். அவர் மேளத்தை மட்டும் அடிப்பதில்லை. பாடுகிறவள் ஒரு வரியைச் சரியாகக் கொண்டுபோய் இறக்கினால் "ஒல்ஸிகு!" என்றோ "அப்படிப் போடு!" என்றோ "பலே!" என்றோ குரல் கொடுக்க வேண்டும். கேட்கிறவர்களும் கொடுப்பார்கள், ஆனால் மேளக்காரர் கொடுப்பதுதான் கணக்கு. அது இல்லாவிட்டால் பாடுகிறவளுக்குச் சுவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரி ஆகிவிடும். மன்சு அண்ணன் எனக்கு எத்தனையோ வருஷம் குரல் கொடுத்திருக்கிறார். எல்லாம் கடமைக்கு. கல்யாண வீட்டில் மொய் வைக்கிற மாதிரி, வைக்க வேண்டிய இடத்தில் சரியாக வைத்துவிடுவார். தன்னை மறந்து அவர் வாயிலிருந்து ஒன்று கிளம்பி நான் கேட்டதில்லை. மற்றவர்களுக்குக் கிளம்பும், பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். எனக்கு ஒன்றே ஒன்று அப்படி வேண்டும் என்று இருந்தது. இந்த வயதிலும் இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

வசந்தத்தில் வேலையை ஆரம்பித்தோம். முதல் நாளே என் தொண்டை கம்மியிருந்தது.

"மன்றத்துல கத்திக் கத்திப் போச்சு. ரெண்டு நாள் கழிச்சு வெச்சுக்குவமா?" என்று கேட்டேன்.

"ஏற்கனவே இருவது வருஷம் கழிச்சாச்சு. பாடு அக்கா" என்றான் தோங்கு, கிட்டாரின் கம்பியை முறுக்கிக்கொண்டே.

பாடினேன். மேல் ஸ்தாயிக்குப் போகிற இடத்தில் குரல் எங்கோ உரசி, இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி மேலே போக ஒரு பாதி கீழே இழுத்துக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு ஒலி வந்ததில்லை. நானே பயந்துபோய் நிறுத்தப் பார்த்தேன்.

"அடி ஆத்தீ! அப்படிப் போடு!"

மன்சு அண்ணன்தான். மேளத்தின் மேல் பாதி உடம்பு சாய்ந்திருந்தது. சொன்னது அவருக்கே தெரியவில்லை, ஏனென்றால் அடுத்த அடியைத் தவறவிட்டுவிட்டார். அந்த மனிதர் தாளம் தவறி நான் பார்த்தது அன்றுதான்.

பாட்டு முடிந்ததும் அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "சொங்னே, எங்கேர்ந்துடி வந்துச்சு இந்த நிழலு?"

நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். ஆசிரியை இல்லாமல், அருவி இல்லாமல், வயதான பெண்களிடம் "கையத் தூக்கு, காலத் தூக்கு" என்று கத்தியே எனக்கு நிழல் வந்துவிட்டதே என்று சிரிப்பும் வந்தது.

வாரத்துக்கு வாரம் அது முதிர்ந்தது. அதுதான் நாங்கள் சொன்ன சொல், 'முதிர்கிறது'. தொண்டையில் மீன்முள் சிக்கின மாதிரி ஒரு உறுத்தல் இருந்தது, இடது காதுக்குள் குத்தியது, பேசும்போது மூச்சு வாங்கியது. ஒன்றையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல குரல் சும்மா வருமா? எங்களுக்குச் சொல்லித்தந்த பாடமே அதுதானே.

மழைக்காலத்தில் நாலாவது பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது ஏதோ தொண்டைக்கு ஏறியது. காகிதத்தில் துப்பினேன். சிவப்பாக ஒரு இழை இருந்தது.

"அண்ணே, ரத்தம்."

மன்சு அண்ணன் அந்தக் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரும்பினபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"வந்துடுச்சு. அன்னிக்கு மலையில வராதது இப்ப வந்துடுச்சு. ஏய் தோங்கு, அக்காவுக்குத் தொண்டை தொறந்துடுச்சுடா!"

தோங்கு கிட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். தோயுல் மட்டும் முகம் வெளுத்து நின்றான்.

"டீச்சர், ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு தடவை காட்டிடலாமா?"

நாங்கள் மூன்று பேரும் அவனைப் பார்த்துச் சிரித்தோம்.

"சியோல்காரன் ரத்தத்தப் பார்த்துட்டான், யாராவது தண்ணி தெளிங்கப்பா" என்றான் தோங்கு.

"தம்பி, இதுக்காக அந்தக் காலத்துல மூங்கிலை மலக்குழிக்குள்ள எறக்கி, உள்ள ஊறின தண்ணியக் குடிச்சிருக்காங்க. தொண்டை புண்ணாகணும், ஆறணும், மறுபடியும் புண்ணாகணும். இவ கொடுத்து வெச்சவ, மருந்தே இல்லாம வந்திருக்கு" என்றார் மன்சு அண்ணன்.

தோயுலுக்குக் காது சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை. பாவம், பெரியவர்கள் மூன்று பேர் சேர்ந்து சிரித்தால் எங்கள் ஊரில் சின்னவன் வேறென்ன செய்வான். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு எரிகிறது.

அன்று மாலை தோங்கு படகிலிருந்து நொதிக்கவைத்த திருக்கை மீன் கொண்டுவந்தான். மூக்கைப் பிய்க்கிற அந்த நாற்றத்தோடு வேகவைத்த பன்றிக்கறி, பழைய கிம்ச்சி, ஒரு பானை மக்கொல்லிக் கள். என் ரத்தத்துக்கு நாங்கள் விருந்து வைத்தோம். இத்தனை வருஷம் காத்திருந்த விருந்து. மீன் விழுங்க வலித்தது, கள்ளை ஊற்றி இறக்கினேன். அடுத்த ஞாயிறு பொசோங் போய், ஆசிரியையின் கல்லறை மேட்டில் ஒரு கிண்ணம் கள் ஊற்றிவிட்டு, அங்கேயே நின்று பாடினேன்.

"நல்லாக் கேட்டுக்க, கெழவி" என்றேன். "மழை வருமா வராதான்னும் சொல்லட்டுமா?"

மன்சு அண்ணன் புல்லில் உட்கார்ந்து தொடையைத் தட்டித் தாளம் போட்டு, வரிக்கு வரி குரல் கொடுத்தார். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் ஒன்று இருந்ததாக ஞாபகம் இல்லை.

இலையுதிர் காலம் வந்தபோது சோறு இறங்கவில்லை. தொண்டைக்கு ஏதாவது மிட்டாய் வாங்கலாம் என்று மருந்துக்கடைக்குப் போனேன். என் குரலைக் கேட்டதும் கடைக்காரர் எட்டி நீட்டியிருந்த கையை அலமாரியிலிருந்து கீழே இறக்கிவிட்டார். எத்தனை மாதமாக இப்படி என்றார். நான் பாடகி, இது முதிர்ந்த குரல் என்று விளக்கினேன். மிட்டாய் தர மாட்டேன், நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றுவிட்டார். பாட்டு தெரியாத ஜென்மம் என்று திட்டிக்கொண்டே குவாங்ஜு பஸ் ஏறினேன்.

மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்தார்கள். சதை கிள்ளி எடுத்து அனுப்பினார்கள். மறுபடி கூப்பிட்டபோது டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பினார். என் தொண்டைக்குள் ஏதோ ஒன்று காலிஃபிளவர் மாதிரி பூத்து உட்கார்ந்திருந்தது.

"எப்பலேர்ந்து குரல் இப்படி இருக்கு?"

"வசந்தத்துலேர்ந்து."

"அப்பவே வந்திருந்தா கதிர்வீச்சு வெச்சே பார்த்திருக்கலாம், குரலும் தங்கியிருக்கும். கூட இருக்கிறவங்க யாரும் எதுவும் சொல்லலியா?"

"சொன்னாங்க. ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னாங்க."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். குரல்பெட்டி முழுவதையும் எடுக்க வேண்டும் என்றார். எடுத்தால் உயிர் தங்கலாம், குரல் தங்காது. ஆபரேஷனுக்கு முன்னால் பாடலாமா என்று கேட்டேன். "பாடினாலும் பாடாட்டியும் இனிமே ஒண்ணும் மாறப் போறதில்லம்மா. வலிக்கும், அவ்வளவுதான்" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். நிழல் என்று நாங்கள் கொண்டாடினது அந்தப் பூவைத்தான். மன்சு அண்ணன் தன்னை மறந்து குரல் கொடுத்ததும் அதற்குத்தான். எனக்கு என்று நான் நினைத்துக்கொண்ட ஒன்றும் எனக்கு இல்லை.

ஆல்பத்தில் ஒரு பாட்டு மிச்சமிருந்தது, எல்லாவற்றிலும் நீளமானது. சிப்பி பொறுக்கப் போன ஒருத்தியின் பலகை சேற்றில் மாட்டிக்கொள்கிறது, கடல் ஏறுகிறது, அவள் கரையைக் கூப்பிடுகிறாள். தோங்கு மெட்டுப் போட்டு, நான் சொல் கட்டினது. ஐஸ் ஃபேக்டரியில் மூன்று பேரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். ஆபரேஷனுக்கு முன்னால் இந்த ஒரு பாட்டைப் பாடி முடிக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

தோங்கு கிட்டாரை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தான். தோயுல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "அன்னிக்கே நான் உங்களை இழுத்துட்டுப் போயிருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மன்சு அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே போனேன். படகு கட்டுகிற கல்லின் மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தார்.

"அண்ணே."

"நான் என்ன காரியம் பண்ணிட்டேன், சொங்னே. நாள் தவறாம உக்காந்து அதுக்குத் தண்ணி ஊத்தி வளர்த்துருக்கேன். வளரு வளருன்னு கத்திக் கத்தி வளர்த்துருக்கேன்."

"நீங்க தனியா வளர்க்கல. நானும்தான் அதுக்குத் திருக்கையும் கள்ளும் ஊட்டினேன்."

"சிரிக்காத. இதுல போய்ச் சிரிக்காத." "நான் இனிமே குச்சியத் தொட மாட்டேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "போறது என் குரலு. உங்க கை நல்லாத்தான் இருக்கு. நீங்க வராட்டி தோங்குவத்தான் மேளத்தத் தட்டச் சொல்லணும். அவன் தட்டுற லட்சணம் உங்களுக்கே தெரியும். அதக் கேட்டுக்கிட்டா என் தொண்டை போகணும்?"

கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடிக்கிறேன்" என்றார். "ஆனா வாயத் தொறக்க மாட்டேன். எனக்கு இனிமே அந்தச் சொல்லு வராது. கேக்காத."

கேட்கவில்லை.

பதிவு செய்த அன்று வெளியே வெயில் நன்றாக இருந்தது. உள்ளே மட்டும் எப்போதும் போலக் குளிர். தோங்குவின் கிட்டார் அலை மாதிரி மெதுவாக ஆரம்பித்தது. மன்சு அண்ணன் அடித்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்தார். முதல் வரி இறங்கின இடத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவது இறங்கின இடத்திலும் இல்லை. குரல் சுவரில் போய் முட்டி என்னிடமே திரும்பி வந்தது. இருட்டில் படி இறங்குகிறவள் மாதிரி ஒவ்வொரு வரியையும் தடவித் தடவி வைத்தேன். தப்பாகப் பாடுகிறேனா சரியாகப் பாடுகிறேனா என்றே தெரியவில்லை.

தண்ணீர் அவள் மார்புக்கு வந்துவிட்டது. கரையைக் கூப்பிடுகிற இடம். அந்த ஒரு கூப்பாட்டை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இன்னும் மேலே ஏற்றிப் பாட வேண்டும். முதல் தடவை ஏறியது. இரண்டாவது தடவை குரல் கிழிந்தது, கிழிந்தபடியே ஏறியது. வாய் ஓரத்தில் சூடாக ஏதோ வழிந்தது. துடைக்கவில்லை, மூன்றாவதுக்கு மூச்சை இழுத்தேன்.

"போதும்!"

மன்சு அண்ணன் என்னைப் பார்த்துக் கத்தினார். கை மட்டும் நிற்கவில்லை, அறுபது வயது கை, அதற்கு நிற்கத் தெரியாது. கண்ணிலிருந்து நீர் மேளத்தின் தோலில் சொட்டிக்கொண்டிருந்தது. வலியிலிருந்து என்னைக் கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது அந்தச் சத்தம்.

நான் மூன்றாவதையும் பாடினேன். அவள் முங்கிப்போகிற வரைக்கும் பாடி முடித்தேன். தோயுல் ஓடிவந்து என் வாயைத் துடைத்துவிட்டான். அதற்குப் பிறகு நான் பேசினது கொஞ்சம்தான், அதெல்லாம் சாதாரணப் பேச்சு. தண்ணி கொடு, கதவைச் சாத்து, பாட்டு பதிவாயிடுச்சா.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பின் தோயுல் மடிக்கணினியோடு வந்தான். "டீச்சர், அந்த எடத்துல மன்சு ஐயா சொன்னத எடுத்துடவா? அவரும் எடுக்கச் சொல்றாரு. சுத்தமா எடுத்துரலாம், தெரியாது."

வேண்டாம், அது இருக்கட்டும் என்று தட்டிக் காட்டினேன். ஏன் என்று அவன் கேட்டான். மற்றதெல்லாம் என் தொண்டைக்குக் கொடுத்த குரல், இது ஒன்றுதான் எனக்குக் கொடுத்தது என்று எழுத ஆரம்பித்து, பாதியில் அழித்துவிட்டேன். 'நான் சொல்றேன், இருக்கட்டும்' என்று மட்டும் போட்டேன். எங்கள் பக்கத்தில் மூத்தவள் அப்படிச் சொன்னால் மேலே கேட்க மாட்டார்கள்.

ஆல்பம் வந்தது. இந்த முறை சொந்தக்காரர்கள் மட்டும் வாங்கவில்லை. சியோல் பிள்ளைகள் அந்தக் கடைசிப் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு வந்த நோயைப் பற்றி யாருக்கும் சொல்லக் கூடாது என்று நான் தோயுலிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன், பரிதாபத்துக்காக வாங்குகிற பாட்டு எனக்கு வேண்டாம். அதனால் அவர்கள் அதை வெறும் பாட்டாகவே கேட்டார்கள். "இப்படி ஒரு நிழலைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று" என்று ஒருவர் எழுதினார். மேளக்காரரின் அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றி இன்னொருவர் பத்திரிகையில் எழுதினார். வயிறு நிறையச் சாப்பிட்டவன் பந்தியில் கையால் மறித்துப் 'போதும்' என்கிற மாதிரி, இசையால் நிறைந்துபோன ஒருவர் தன்னை மறந்து கொடுத்த குரலாம் அது. பன்சோரியில் இதுவரை யாரும் கொடுக்காத புதுக் குரலாம். படித்துவிட்டு அந்தப் பக்கத்தைக் கசக்கி எறிந்தேன்.

வெளியீட்டு நிகழ்ச்சியைக் குவாங்ஜுவில் வைத்தார்கள். என் குரல் பதிவிலிருந்து வரும், தோங்குவும் மன்சு அண்ணனும் மேடையில் கூடவே வாசிப்பார்கள். மன்சு அண்ணன் அந்த ஐஸ் ஃபேக்டரிக்குப் பிறகு குச்சியைத் தொடவே இல்லை. நான் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு, கைப்பேசியில் எழுதி எழுதிக் காட்டிக் கெஞ்சினதால்தான் வந்தார். மேடையின் ஓரத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கழுத்தில் பட்டுத்துணி. பாடகி ஏன் பாடவில்லை என்று யாரும் கேட்கவில்லை, வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அரங்கம் நிறைந்திருந்தது, எல்லாம் இளசுகள். கடைசிப் பாட்டு ஆரம்பித்ததும் எழுந்து நின்றுகொண்டார்கள். ஒலிபெருக்கிகளிலிருந்து என் குரல் வந்தது. யாரோ ஒருத்தி பாடுவதைக் கேட்கிற மாதிரி கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. என்னைக் கொன்ற சத்தம், என் ஆயுசில் நான் பாடினதிலேயே நல்ல பாட்டு அதுதான். அதைச் சொல்ல எனக்கு வெறுப்பாக இருக்கிறது, ஆனால் கேட்டவளுக்குத் தெரியாதா.

முதல் கூப்பாடு. இரண்டாவது கூப்பாடு. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. எனக்கு விஷயம் புரிந்தது, ஆனால் தடுக்க நேரமில்லை.

"போதும்!"

பதிவிலிருந்து வந்த மன்சு அண்ணனின் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. அத்தனை பேரும் சேர்ந்து கத்தினார்கள், கையை மேலே வீசிக்கொண்டு, முகமெல்லாம் மலர்ந்து. கேட்கிறவர்களும் குரல் கொடுக்கலாம் அல்லவா, மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். மன்சு அண்ணனின் முகத்தில் ரத்தமே இல்லை. கை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

பாட்டு முடிந்தது. "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று தரையை உதைத்தார்கள். தோயுல் மேடையின் பக்கவாட்டிலிருந்து என்னைப் பார்த்தான். நான் ஏன் தலையாட்டினேன் என்று தெரியவில்லை. என் குரலை இன்னும் ஒரு தடவை கேட்க எனக்கு ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

மன்சு அண்ணன் குச்சியைக் கீழே வைத்தார். இரண்டு உள்ளங்கையையும் மேளத்தின் மேல் விரித்து வைத்து, என் பக்கம் திரும்பினார். எனக்கு மட்டும் கேட்கட்டும் என்றுதான் மெதுவாகச் சொன்னார், ஆனால் முன்னால் இருந்த மைக் அதைப் பிடித்துவிட்டது.

"போதும், சொங்னே."

கூரை இடிந்துவிடுகிற மாதிரி எல்லோரும் திருப்பிக் கத்தினார்கள். போதும், போதும் என்று தாளம் பிடித்துக் கத்தினார்கள். அவர் கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்து, நிறுத்துங்கள் என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டினேன்.

அவர்களும் எனக்குக் கை ஆட்டினார்கள்.